பால்கனியில் எரியும் விளக்கு

இன்னைக்கு அந்த லைட்டைப் போடாதீங்க. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். மத்தியானத்திலிருந்து சொர்ணலதா இதை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கிறாள். போடாதீங்க என்றால் அதட்டுகிற மாதிரி இருக்கிறது, போட வேண்டாமே என்றால் கெஞ்சுகிற மாதிரி. கட்டின புருஷனிடம் ஒரு ஸ்விட்சைப் பற்றிச் சொல்ல இத்தனை ஒத்திகையா என்று யாராவது கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும்தான். ஒரே பார்வையில் ஒரு வகுப்பைக் கப்சிப் ஆக்குகிற கெமிஸ்ட்ரி டீச்சர் அவள். பிள்ளை பெற்றுக் கட்டிலில் உட்கார்ந்ததும் அந்த வாய் எங்கே போய்த் தொலைந்ததோ. மடியில் பாப்பா, பால் குடித்த அசதியில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கிடந்தது. எதிர் பிளாக் சுவரில் வெயில் மேலேறி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. இனி நயினார் வந்துவிடுவான். ஆறுமுகநயினார், அவள் வீட்டுக்காரன், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். வந்ததும் ஷூவைக் கழற்றுவான், கை கால் கழுவுவான், பிள்ளையை எட்டிப் பார்த்து “என்னடா குட்டி” என்பான். அப்புறம் பால்கனிக் கதவோரம் போய், வேறு எதையோ யோசித்தபடியே, அந்த ஸ்விட்சைத் தட்டுவான். தட்டினால் வெளியே பெரிய எல்இடி விளக்கு பளீரென்று எரியும், விடிகிறவரைக்கும் எரியும். விளக்குக்கு நேர் கீழே கம்பியில் தொங்குகிற மணிபிளான்ட் தொட்டி. தொட்டிக்குள் கொண்டைக்குருவிக் கூடு. கூட்டில் நேற்றுவரை இரண்டு குஞ்சு. இன்றைக்கு ஒன்று. அந்த ஒன்றாவது பிழைக்க வேண்டுமானால் இன்றைக்கு அந்த லைட்டைப் போடாதீங்க. இதைச் சொல்ல என்ன கஷ்டம் என்றால், அந்த லைட்டைப் போடச் சொன்னதே அவள்தான்.

அவள்தான் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது, அத்தையும், நயினாரின் அம்மாவும், சேர்த்தி. பச்சைப்பிள்ளை கிடக்கிற அறையில் நாற்பது நாள் கழிகிற வரைக்கும் விளக்கு அணையக்கூடாது என்பது அத்தை ஊரான உடன்குடிப் பக்கத்து வழக்கம். தலைமாட்டில் ஒரு பாக்குவெட்டி, ராத்திரி முழுக்க ஒரு விளக்கு, காத்து கருப்பு எதுவும் அண்டாது. சொர்ணலதா அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாததால்தான் மூத்த பிள்ளைக்கு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புயல் அடித்த கார்த்திகையில், ஏரியாவே இருட்டில் கிடந்த மூன்று நாளில், இரண்டாவது ராத்திரி, இதே கட்டிலில், பக்கத்தில் படுத்திருந்த பிள்ளை எப்போது மூச்சை நிறுத்தியது என்று அவளுக்குத் தெரியாது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. அந்த நீலம். இருட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாதும்மா என்று டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், சில பிள்ளைகளுக்கு இப்படி நடக்கிறது, யார் தப்பும் இல்லை. அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது, படித்தவள்தானே, நன்றாகவே புரிந்தது. ஆனால் மாமியார் வந்திருந்து, ஒரு குறையும் சொல்லாமல், அழுதுகொண்டே, “வெளக்கு ஒண்ணு இருந்திருந்தா நீ பாத்திருப்பியே, ஏளா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள் பாருங்கள், அது மட்டும் போகவில்லை. பார்த்திருப்பேன். வெளிச்சம் இருந்தால் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் தூக்கியிருப்பேன், தட்டியிருப்பேன், ஊதியிருப்பேன். பேய் பிசாசு கிடக்கட்டும். பார்த்திருப்பேன் என்பதில் என்ன மூடநம்பிக்கை இருக்கிறது, சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு இவள் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாளே உடம்பெல்லாம் மஞ்சளாகி, காமாலை என்று பிள்ளையைக் கொண்டுபோய் விளக்குக்கு அடியில் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டி, மேலே நீல வெளிச்சம், பிள்ளையின் கண்ணுக்குக் குட்டியாக ஒரு கட்டு. “நல்லா படட்டும்மா, இந்த வெளிச்சம்தான் மருந்து” என்றாள் நர்ஸ். வெளிச்சம்தான் மருந்து. அந்த வார்த்தையை அவள் வீடு வரைக்கும் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் ராத்திரி முழுக்க ட்யூப்லைட் எரிந்தது. பிள்ளை கண்ணை இறுக்கி இறுக்கிப் பார்த்து, வீல் வீலென்று கத்தி, தானும் தூங்காமல் அவளையும் தூங்கவிடாமல் அடித்தது. ஜீரோ வாட் பல்ப் போட்டார்கள். மஞ்சள் பல்பில் பிள்ளை மஞ்சளாகத் தெரிந்தது, காமாலை திரும்பிவிட்டதோ என்று அவள் பாதி ராத்திரியில் எழுந்து நகத்தை அமுக்கிப் பார்த்தாள். நீல பல்பில்... வேண்டாம், நீல பல்பை மாட்டிய கையோடு கழற்றச் சொல்லிவிட்டாள். கடைசியில் நயினார்தான் ஒரு யோசனை கண்டுபிடித்தான். எங்கிருந்தோ அந்த எல்இடி விளக்கை வாங்கிவந்து பால்கனியில் மாட்டினான். கண்ணாடிக் கதவு, அதன் மேல் வெள்ளைத் திரை, திரை வழியாக வடிகட்டின வெளிச்சம் அறைக்குள். பிள்ளையின் கண்ணில் குத்தாது, ஆனால் நிறம் நிறமாகவே தெரியும், மார்பு ஏறி இறங்குவது தெரியும். “விளக்கு எரியணும்னுதானம்மா சொன்னீங்க, எங்க எரியணும்னு சொல்லலியே” என்று அவன் கேட்க, அத்தையும் சரிதான் என்று ஒப்புக்கொண்டாள். அன்றைக்குத்தான் பிள்ளை பெற்ற பிறகு முதன்முதலாக அவள் தூங்கினாள். அப்படி ஒரு தூக்கம். கிணற்றில் கல் விழுந்த மாதிரி. காலையில் எழுந்தபோது புருஷனைக் கட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது. கூடு அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே அங்கே இருந்தது. யாரும் அதை நினைக்கவில்லை.

நினைக்கவில்லை என்பதும் பொய். விளக்கு போட்ட மறுநாள் ராத்திரி பால் கொடுக்க எழுந்தபோது பால்கனியில் சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்தால், விளக்கைச் சுற்றி ஈசலும் அந்துப்பூச்சியுமாக அப்பிக்கிடக்க, தாய்க்குருவி தாவித் தாவிப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. ஊரே உறங்குகிற நேரத்தில். குஞ்சு இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவள் நயினாரைத் தட்டி எழுப்பிக் காட்டினாள். அவன் கண்ணைக் கசக்கிப் பார்த்துவிட்டு, “பாரேன், ஓவர்டைம் பாக்குது” என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். குஞ்சுக்கு ராத்திரியும் சாப்பாடு, நம்ம புண்ணியத்தில் என்று பேசிக்கொண்டார்கள். அவளும் அதைத்தான் நம்பினாள், நம்புவதற்கு வசதியாக இருந்தது. அடுத்தடுத்த ராத்திரிகளில் குருவி கூட்டில் அமரவே இல்லை. கம்பியில் உட்காரும், கத்தும், பறக்கும், திரும்ப வரும், கண்ணாடியில் முட்டும், மறுபடி கத்தும். விடியவேண்டிய நேரத்தில் விடிந்துவிட்டதா, விடியவே இல்லையா என்று அதற்குக் குழப்பம். பகலில் பார்த்தால் கொண்டை கலைந்து, இறக்கை தளர்ந்து, கம்பியில் உட்கார்ந்தபடி கண் செருகும். கண் செருகி, தலை சாய்ந்து, திடுக்கென்று விழித்துக்கொள்ளும். அந்தத் திடுக்கிடல் அவளுக்குத் தெரியும். அவள் உடம்பில் இருந்தது அது. அவளிடமிருந்து இறங்கி வெளியே போய் அதன் உடம்பில் ஏறிக்கொண்டது. ஒரு வீட்டில் ஒருத்தி தூங்க வேண்டுமானால் இன்னொருத்தி விழித்திருக்க வேண்டும் என்று கணக்கா. சீ, என்ன யோசனை இது. குருவிக்கும் எனக்கும் என்ன. நேற்று ராத்திரி தூறல் போட்டது. தாய் குஞ்சுகளின் மேல் உட்கார்ந்து மூடிக்கொள்ள வேண்டிய ராத்திரி. அது பட்டப்பகல் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு குஞ்சு டைல்ஸ் தரையில் கிடந்தது. எறும்பு வந்துவிட்டது. நயினார் அவள் பார்ப்பதற்கு முன் பேப்பரில் சுற்றிவிடலாம் என்று அவசரம் அவசரமாகக் குனிந்தான். அவள் பார்த்துவிட்டாள். இமை மூடிய கண், நீலம் பாரித்த இமை. அவள் பிள்ளைக்கு ஜட்டி மாற்றப் போய்விட்டாள்.

தொட்டியை வேறு இடத்தில் மாட்டலாமே என்று யாருக்கும் தோன்றும். இரண்டு நாளைக்கு முன்பே மாட்டிப் பார்த்தார்கள். சமையலறை ஜன்னல் பக்கம் மாட்டினால் தாய் வெறுங்கம்பியையே சுற்றிச் சுற்றிக் கத்தியது, குஞ்சுகள் இங்கே கத்தின, பயந்துபோய்ப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். அட்டை கட்டி மறைத்தார்கள், அட்டைக்குப் பயந்து தாய் கூட்டுக்கே போகவில்லை. விளக்கை நகர்த்தவும் வேறு இடம் கிடையாது. கட்டில் கிடக்கிற அறைக்கு இருப்பது அந்த ஒரு கதவு, அந்த ஒரு பால்கனி. எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது ஸ்விட்ச் ஒன்றுதான். அணைத்தால் குஞ்சு பிழைக்கும், ஒருவேளை பிழைக்கும். அணைத்தால் அவள் அந்த மஞ்சள் பல்பில் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தால் என்ன. ஒரு வாரம். குஞ்சு பறந்துபோக ஒரு வாரம்கூட ஆகாது. ஒரு வாரம் ஒரு பொம்பளை தூங்காமல் இருக்கமாட்டாளா, ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் மூன்றாவது நாள் தன்னை மறந்து கண் அசந்தால். அசந்துவிடுவோம். அன்றைக்கும் அசந்துதானே விட்டோம். மனசு இங்கேதான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளில் சேலை மாட்டின மாதிரி, எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியும்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். ஏரி தெரிந்தது. ஏரி என்று சொல்வது பழக்கதோஷம், சாலைக்கும் கட்டடங்களுக்கும் நடுவே மிச்சம் கிடக்கிற தண்ணீர். கல்யாணமாகி இந்த மூன்றாம் மாடிக்குக் குடிவந்தபோது இந்தப் பக்கம் ராத்திரியில் ஒன்றுமே தெரியாது. கோரைப்புல்லுக்குள்ளிருந்து தவளைச் சத்தமும், இடையிடையே வக்கா என்கிற ராத்திரிப் பறவை ஒன்று தொண்டையைக் கனைக்கிற மாதிரி போடுகிற சத்தமும் மட்டும் வரும். புதுப்பெண், பயந்து நயினாரை ஒட்டிப் படுப்பாள், அவனுக்குக் கொண்டாட்டம். பிறகு சாலை ஆறு தடமாயிற்று. சந்திப்பில் பனை உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டு, உச்சியில் வட்டமாக விளக்குகளைக் கட்டினார்கள். கண்ணாடி போர்த்திய ஐடி கட்டடம் வந்தது, அதில் ஞாயிற்றுக்கிழமையும் விளக்கு அணைவதில்லை. நகைக்கடைக்காரன் ஒருவன் எல்இடி விளம்பரப் பலகை வைத்தான். அதில் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு ஒரு பெண் விடிய விடியச் சிரிக்கிறாள். அவள் சேலை சிவப்பாகும்போது ஏரிக்கு மேலே போகிற கொக்குகள் சிவப்பாகின்றன, பச்சையாகும்போது பச்சையாகின்றன. கொக்குக்கு ராத்திரியில் என்ன வேலை என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. வேலை ஒன்றும் இல்லை. மரத்தில் அமர முடியாமல் எழும்புகின்றன, கம்பத்து வெளிச்சத்துக்குள் வந்துவிட்டால் வெளியே போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. குயில் நடுச்சாமத்தில் கூவுகிறது. போன ஐப்பசியில் பள்ளிக்கூட லேப் வராந்தாவில் ஒரு ஆறுமணிக்குருவி வந்து விழுந்தது. பச்சை, நீலம், அடிவயிறு சிவப்பு, பார்த்த பிள்ளைகளெல்லாம் கிளி கிளி என்றன. ராத்திரியில் வடக்கேயிருந்து பறந்து வந்து வெளிச்சத்தில் வழி தடுமாறிக் கண்ணாடியில் அடிபட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியாகக் கத்தும் என்றுதான் அதற்கு அந்தப் பெயரே. சாக்பீஸ் டப்பாவுக்குள் பஞ்சு போட்டு வைத்தாள். கடைசி பெல் அடிக்கும்போது அது செத்துப்போயிருந்தது. அப்போது அவளுக்கு வயிற்றில் இவள் மூன்று மாதம். கர்ப்பிணி செத்ததைத் தொடக்கூடாது என்று தமிழம்மா டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவைதான் இந்த ஏரி பழையபடி ஆயிற்று. அதை நினைக்கக்கூடாது என்று அவள் நினைப்பாள், நினைக்கக்கூடாது என்று நினைப்பதே நினைப்புத்தானே. அந்தப் புயல் வாரம். கம்பம், பலகை, ஐடி கட்டடம், ஒன்றிலும் பொட்டு வெளிச்சம் இல்லை. முதல் ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இதே இடத்தில் நின்றாள். மழை விட்டிருந்தது. கீழே வேலிக்கருவை முழுக்க வெள்ளை வெள்ளையாக, துணி காயப்போட்ட மாதிரி, கொக்குகள் கழுத்தை மடக்கித் தூங்கின. ஒன்றுகூட அசையவில்லை. எத்தனை நாள் தூக்கமோ. “பார்டா தம்பி, எல்லாரும் தாச்சி தூங்குறாங்க, நீயும் தூங்கு” என்று அவனிடம் சொன்னாள். அவனும் தூங்கினான். அந்த ராத்திரி அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரெல்லாம் புயலில் தவிக்க, இவளுக்கு அந்த இருட்டு இதமாக இருந்தது. கொக்குகள் தூங்கின அதே இருட்டில்தான் மறுநாள் அவனும். ஒரே இருட்டு. அதுகளுக்கு நல்லதாக இருந்தது இவனுக்கு மட்டும் எப்படி. கரண்டு வந்த அன்று சாயங்காலம் அந்த நகைக்காரி மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள், கொக்குகள் கூட்டமாக எழும்பின, வீட்டில் பிள்ளை இல்லை.

“ஏளா, கதவோரம் நிக்காத, காத்து அடிக்கி.” அத்தை தட்டோடு வந்தாள். பிரம்மசக்தி என்று பெயர். பெயருக்கு ஏற்ற மாதிரி பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும், மூட்டுவலியோடு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து பிள்ளைக்குக் குளிப்பாட்டுவதிலிருந்து இவளுக்குப் பத்தியச் சமையல் வரை ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். தட்டில் சோறும் சுறாப்புட்டும், பூண்டு வாசனை அறையை நிறைத்தது. “இதத் தின்னு. தின்னாத்தான் பால் ஊறும். என்னத்த அந்தக் கூட்டையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க?”

“ஒண்ணு செத்துப்போச்சுல்ல அத்தை.”

“கண்டேன். அந்தப் பய பேப்பர்ல சுத்திக்கிட்டுத் திருடன் மாதிரி எறங்கிப் போனான். பிள்ள பெத்த வீட்ல அதையெல்லாம் மனசுல போடக்கூடாது. மனசுல போட்டா பால்ல எறங்கும்.”

“அந்தத் தாய்க்குத் தூக்கமே இல்லை அத்தை. நம்ம லைட்டாலதான்.”

பிரம்மசக்தி பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டினாள். அவளும் கூட்டைத்தான் பார்த்தாள். தாய்க்குருவி கம்பி நுனியில் உட்கார்ந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. “பாவம்தான்” என்றாள் கிழவி கடைசியில். “என்ன செய்யச் சொல்லுத? ஒனக்கு அது வேணுமா, இது வேணுமா?” என்று பிள்ளையின் முதுகை இன்னொரு தடவை தட்டினாள். கேட்டது சாதாரணமாகத்தான். பதிலும் எதிர்பார்க்கவில்லை, பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சொர்ணலதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அது வேணுமா இது வேணுமா. ரெண்டும் வேணும் என்று ஒரு பதில் கிடையாதா. குழந்தைகள் மிட்டாய்க்கடையில் சொல்வார்களே, ரெண்டும். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால் கொடுப்பதற்கு யார் இருக்கிறார்கள். இந்த ஊரில் ஒரு மூலையில் ஒரு முழம் இருட்டு மிச்சம் இருந்திருந்தால் அந்தக் குருவி ஏன் என் பால்கனிக்கு வருகிறது. கீழே வேலிக்கருவையை வெட்டி பார்க்கிங் போட்டாயிற்று, மரத்துக்கு மரம் சீரியல் பல்பு சுற்றியாயிற்று, அசோசியேஷன் நுழைவாயிலில் வேப்பமரத்துக்கே பச்சை விளக்கு அடிக்கிறார்கள், அழகாம். தேடித் தேடி ஒரு மறைவிடம் பார்த்து, மூன்றாம் மாடியில், ஒரு பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக் கொடிக்குள் வந்து முட்டையிட்டது. பத்திரமான இடம் என்று நினைத்திருக்கும். விளக்குக் கம்பத்தையும் நகைக்கடையையும் தாண்டி வந்து கடைசியில் என்னிடம் மாட்டிக்கொண்டதே. ஆஸ்பத்திரியிலே என் பிள்ளைக்குக் கண்ணைக் கட்டினார்கள், உன் பிள்ளைக்கு யார் கட்டுவார்கள். இன்னைக்கு அந்த லைட்டைப் போடாதீங்க. சொல்லிவிடுவேன். வந்ததும் சொல்லிவிடுவேன், ஷூவைக் கழற்றுவதற்குள். யோசிக்க விட்டால் கெட்டது. பாப்பாவை மார்பின் மேலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், மார்பின் மேலே கிடந்தால் மூச்சு தெரியும், வெளிச்சம் எதற்கு. அசந்தால்? அசந்தால் அத்தை இருக்கிறாள், நயினார் இருக்கிறான், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பாவம், அவன் காலையில் ஷிப்டுக்குப் போகவேண்டியவன். போகட்டும், ஒரு வாரம்தானே. சொல்லிவிடுவேன்.

வாசல் மணி அடித்தது. ஷூ கழற்றுகிற சத்தம், குழாய்ச் சத்தம், அத்தையிடம் ஏதோ கேட்கிற சத்தம். நயினார் ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். “என்னடா குட்டி” என்றான். பிள்ளையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் பால்கனிக் கதவோரம் போனான். அவள் வாயைத் திறந்தாள். அவன் ஸ்விட்சின் மேல் கை வைக்காமல் கண்ணாடி வழியாகக் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“லதா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“என்ன?”

“இன்னிக்கு இத போட வேணாமே. மெஷின் பக்கத்துல நிக்கிறப்பகூட அந்தக் குஞ்சு ஞாபகமாவே இருந்துச்சு. ஓவர்டைம்னு நக்கல் வேற அடிச்சேன், சனியன் பிடிச்ச வாயி. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. அது பொழைச்சுப் போட்டும். நான் முழிச்சிருந்து பாப்பாவ பாத்துக்கிறேன். லீவு சொல்லிட்டேன் நாளைக்கு.”

சொர்ணலதா அவனையே பார்த்தாள். மத்தியானத்திலிருந்து அவள் உருட்டி உருட்டி வைத்திருந்த வாக்கியத்தை அவன் வந்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான். அழுகை வந்தது. “சரிங்க” என்றாள். சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: “நானும் முழிச்சிருக்கேன்லே. இந்த வயசுல எனக்கு என்ன தூக்கம். உள்ளுக்க அந்தச் சின்ன பல்பப் போடு, வெளக்கு எரிஞ்சா சரிதான்.” எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று. இப்படி ஒரு புருஷன், இப்படி ஒரு மாமியார், யாருக்குக் கிடைக்கும். நயினார் மஞ்சள் பல்பைப் போட்டுவிட்டு, ட்யூப்லைட்டை அணைத்து, திரையை விலக்கிவைத்தான். ஏரிப் பக்கம் கம்பத்து வெளிச்சம் தூரத்தில் இருந்தது, பால்கனி வரைக்கும் அது நேராக வரவில்லை. தொட்டி இருட்டுக்குள் போயிற்று. தாய்க்குருவி கம்பியிலிருந்து இறங்கிக் கூட்டு விளிம்பில் நின்று, கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தது. நம்ப முடியவில்லை போலிருக்கிறது. பிறகு உள்ளே இறங்கி, இறகை உப்பிக்கொண்டு, குஞ்சின் மேல் அமர்ந்தது. “உக்காந்துட்டா, உக்காந்துட்டா” என்று நயினார் கிசுகிசுத்தான், பெண்பிள்ளை பெரியமனுஷியான சேதி சொல்கிற மாதிரி அவ்வளவு சந்தோஷம் அவன் முகத்தில்.

அவள் பிள்ளையை மார்பின் மேல் போட்டுக்கொண்டு சாய்ந்தாள். இருட்டு இதமாகத்தான் இருந்தது. அந்த இதம் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை அனுபவித்த இதம், காலைப் பிடித்து உள்ளே இழுக்கிற இதம், அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். மஞ்சள். பல்பு மஞ்சளா, பிள்ளை மஞ்சளா. உதட்டோரம் ஒரு நிழல், நிழல்தானா. விரலை மூக்கடியில் வைத்தாள், மூச்சு பட்டது, பட்ட மாதிரி இருந்தது, ஃபேன் காற்றாகவும் இருக்கலாம். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். மறுபடி விரலை வைத்தாள். “இருக்குங்களா பாருங்க” என்றாள். “நல்லா இருக்காடி, தூங்குறா” என்றான் அவன். “எப்படித் தெரியும் உங்களுக்கு, தெரியுதா உங்களுக்கு, எனக்குத் தெரியலையே.” அத்தை வந்து குனிந்து பார்த்துவிட்டு, “தங்கம் மாதிரி கெடக்கா” என்றாள். தங்கமும் மஞ்சள்தான். இரண்டு பேர் பார்த்துச் சொன்னாலும் அவள் பார்க்கவில்லையே. நீ பாத்திருப்பியே என்றுதானே அன்றைக்கு அத்தை சொன்னாள், நாங்கள் பார்த்திருப்போம் என்று சொல்லவில்லையே. வெளியே கூட்டில் அசைவே இல்லை. அது தூங்கிவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு. பொறு, கொஞ்சம் பொறு, ஒரு ராத்திரி அதற்குக் கொடு, ஒரே ஒரு ராத்திரி. பொறுத்தாள். நயினார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பாப்பா திடீரென்று ஒரு மூச்சை நீளமாக இழுத்து, அப்புறம் அடுத்ததை விடவில்லை. பச்சைப்பிள்ளைகள் அப்படித்தான், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மூச்சு வந்தது. அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“லதா, என்ன... லதா, அது இப்பத்தான் உக்காந்துச்சு.”

அவள் காதில் வாங்கவில்லை. பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் ஸ்விட்சைத் தட்டினாள். பால்கனி வெள்ளையாயிற்று. கூட்டுக்குள்ளிருந்து கொண்டை மட்டும் முதலில் எழும்பியது, அப்புறம் கழுத்து. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் திரையை இழுத்துவிட்டாள். திரை வழியாக வடிகட்டின வெளிச்சம் பிள்ளையின் மேல் விழுந்தது. உதடு சிவப்பு. கன்னம் சிவப்பு. மார்பு ஏறியது, இறங்கியது, ஏறியது. எல்லாம் தெரிந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நயினார் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை வாசற்படியில் நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே தாய்க்குருவி கம்பிக்குத் தாவி, விடிந்துவிட்டது என்று கத்த ஆரம்பித்தது.

“அந்தக் கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க” என்றாள் சொர்ணலதா, பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டே. “கத்துற சத்தத்துல பாப்பா முழிச்சுக்கப்போறா.”